கேட்டவர்மேல் கோபப்பட்டேன்

2024 அக்டோபரில் நாங்கள் இருவரும் சிகாகோவில் மகள் வீட்டில் இருந்தது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். ஏரி, குளிர், கோயில் பிரசாதம், மாப்பிள்ளையின் கார் என்று ஆறேழு பதிவுகள் எழுதித் தள்ளினேன். அதில் ஒன்று மாரத்தான் ஓட்டத்தைப் பற்றியது. அந்தப் பதிவின் கடைசி இரண்டு பத்திகளை இன்று வாபஸ் வாங்குகிறேன். அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். நான் எழுதியதுதானே.

நடந்தது இது. 2024 அக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை. பேத்திக்குப் பதின்மூன்று வயது, பள்ளியில் நெடுந்தூர ஓட்டக் குழுவில் இருக்கிறாள். விடியற்காலையிலேயே எழுப்பிவிட்டாள். சைனாடவுன் பக்கம், ஓட்டப் பாதையில் முக்கால்வாசி தாண்டிய ஓர் இடத்தில் போய் நின்றோம். நான் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லாய். முதலில் ஆண்கள் போனார்கள். பிறகு, இவ்வளவு சீக்கிரம் வரக் கூடாதே என்று பக்கத்தில் நின்றவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கும் நேரத்தில், ஆண்கள் சிலரின் நடுவே ஒரு பெண் வந்தார். கென்யாவின் ரூத் செப்ங்கெடிச். கால் தரையில் படுகிற சத்தம்கூட இல்லை. வந்தார், போனார், அவ்வளவுதான். அடுத்த பெண் வருவதற்குள் நான் ஃபிளாஸ்கைத் திறந்து காபியே குடித்து முடித்திருந்தேன்.

2 மணி 9 நிமிடம் 56 விநாடி. பெண் ஒருவர் 2 மணி 10 நிமிடத்துக்குள் மாரத்தான் ஓடியது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. ஒரு கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 5 விநாடி, அப்படி 42 கிலோமீட்டர். நம் ஊர் டவுன் பஸ் பஜார் வழியாகப் போகும் வேகத்தைவிட அதிகம். பேத்தி தொண்டை கட்டுமளவு கத்தினாள். நானும் கைதட்டினேன். உள்ளங்கை சிவந்துபோனது நினைவிருக்கிறது.

ஓட்டம் முடிந்த பின் நடந்த பத்திரிகையாளர் கூட்டத்தில் ஒருவர் அந்தப் பெண்ணிடம் நேருக்கு நேர் கேட்டார்: இந்த நேரம் நம்ப முடியாத அளவுக்கு இருக்கிறது, ஊக்கமருந்து என்று சிலர் சந்தேகப்படக்கூடும், அவர்களுக்கு உங்கள் பதில் என்ன? கென்யாவில் கொதித்துவிட்டார்கள். அந்த நாட்டுத் தடகள அமைப்பு கண்டனம் தெரிவித்தது, அரசியல்வாதிகளும் சேர்ந்துகொண்டார்கள். நானும் என் பங்குக்கு இங்கே எழுதினேன். ஏழை நாட்டுப் பெண் ஜெயித்தால் வெள்ளைக்காரனுக்கு வயிறு எரிகிறது, வெற்றி பெற்ற அரை மணி நேரத்தில் இப்படிக் கேட்பவன் மனிதனா என்றெல்லாம் எழுதி, உங்களில் பலரிடம் சபாஷும் வாங்கினேன். வாபஸ் வாங்குவது அந்த வரிகளைத்தான்.

2025 மார்ச் 14ஆம் தேதி அந்தப் பெண்ணிடம் எடுத்த சிறுநீர் மாதிரியில் ஹைட்ரோகுளோரோதயசைட் என்ற மருந்து இருந்தது. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவிலேயே அது இருக்கலாம். ரத்த அழுத்த மாத்திரையின் பெயருக்குப் பின்னால் ‘எச்’ என்று ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்த எச் இதுதான். காலையில் போட்டால் அடிக்கடி பாத்ரூமுக்கு ஓட வைக்கும். அதனால் யாரும் வேகமாக ஓட முடியாது (பாத்ரூமைத் தவிர). ஆனால் சிறுநீரை அதிகமாக்கி நீர்க்கச் செய்யும். அப்போது வேறு எது உள்ளே இருந்தாலும் அது சோதனையில் சிக்காமல் நழுவ வழி உண்டு. அதற்காகத்தான் இந்த வகை மருந்துகளை விளையாட்டில் எந்த நேரத்திலும் தடை செய்து வைத்திருக்கிறார்கள்.

மற்ற மருந்துகளில் தூசுபோல இது கலந்துவிடுவதும் உண்டு என்பதால் ஒரு மில்லிலிட்டரில் 20 நானோகிராம் வரை இருந்தால் கண்டுகொள்வதில்லை. செப்ங்கெடிச்சின் மாதிரியில் இருந்தது 3,800. முதலில், எப்படி வந்ததென்று தெரியாது என்றார். பிறகு, உடம்பு சரியில்லாதபோது வீட்டு வேலைக்காரப் பெண்ணின் மாத்திரையை வாங்கிப் போட்டேன், அதைச் சொல்ல மறந்துவிட்டேன் என்றார். அவருடைய கைப்பேசியில் கிடைத்த தகவல்கள் வேறு சந்தேகத்தைக் கிளப்பின. தடகள ஒழுங்கு அமைப்பு 2025 அக்டோபரில் மூன்று வருடத் தடை விதித்தது. நான்கு வருடம் விதிக்க வேண்டியது, உடனே ஒப்புக்கொண்டதால் ஒரு வருடம் தள்ளுபடி.

சரி, பிடித்தார்கள், தண்டித்தார்கள், இதில் உனக்கென்ன குறை என்று கேட்பீர்கள்.

செய்தி வந்த அன்று பேத்தி போனில் கூப்பிட்டாள். “தாத்தா, அப்போ அந்த ரெக்கார்ட் போயிடுச்சா?” என்றாள். இல்லை கண்ணு, அது இருக்கிறது என்றேன். “ஏன்?” அவர்கள் ரத்து செய்தது மார்ச் 14க்குப் பிறகு நடந்ததை மட்டும்தான், சிகாகோ அதற்கு ஐந்து மாதம் முன்னால் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “நான் ஓடினாலும் அந்த நேரத்தைத்தானே தாண்டணும்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அம்மாவிடம் போனைக் கொடு என்று சொல்லித் தப்பித்தேன்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். முப்பத்து நான்கு வருடம் கணக்குத் தணிக்கை செய்து சம்பாதித்த சோறு, அந்தப் புத்தி போகாது.

2003இல் லண்டனில் இங்கிலாந்தின் பவுலா ராட்கிளிஃப் 2:15:25 ஓடினார். அதைத் தாண்ட உலகத்துக்குப் பதினாறு வருடம் பிடித்தது. 2019இல் சிகாகோவில் பிரிஜிட் கோஸ்கெய் 2:14:04. 2023இல் பெர்லினில் எத்தியோப்பியாவின் டிகிஸ்ட் அசெஃபா 2:11:53. அடுத்த வருடமே 2:09:56. பதினாறு வருடம் அசையாத கல் ஐந்தே வருடத்தில் ஐந்தரை நிமிடம் உருண்டிருக்கிறது.

எல்லாம் ஷூ, சார் என்பார்கள். எங்கள் காலை நடைக் குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டரும் அதைத்தான் சொல்கிறார். அதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. 2017 வாக்கில் வந்த புதுவகை ஷூக்களில் கனமான நுரையும் அதற்குள் கார்பன் தகடும் இருக்கின்றன. காலை ஊன்றும்போது வீணாகும் சக்தியில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கின்றன. அளவு மீறிப் போகவே, அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது, தகடு ஒன்றுதான் இருக்கலாம் என்று 2020இல் விதி போட வேண்டிவந்தது. ஆண்கள், பெண்கள் எல்லாருடைய நேரமும் அதனால் குறைந்தது. ஆனால் மாஸ்டர் ஒன்றை மறந்துவிடுகிறார். செப்ங்கெடிச் 2022இல் அதே சிகாகோவில் 2:14:18 ஓடியபோதும் அவர் காலில் இருந்தது இந்த வகை ஷூதான். 2023இல் அங்கேயே 2:15:37. அதே ஊர், அதே சாலை, அதே இனத்து ஷூ, ஒரு வயது கூடியிருக்கிறது. அடுத்த வருடம் ஐந்தரை நிமிடத்துக்கு மேல் குறைகிறது. முதல் பாதியை 1 மணி 4 நிமிடம் 16 விநாடியில் ஓடினார், பாதி மாரத்தான் மட்டுமே ஓடுகிறவர்களில் மிகப் பலருக்கு அது வாழ்நாள் கனவு. இரண்டாவதாக வந்த சுதுமே கெபெடே ஏழரை நிமிடம் பின்னால்.

இது நிரூபணம் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். சிகாகோவில் எடுத்த மாதிரிகளில் எதுவும் சிக்கவில்லை. வேகமாக முன்னேறியவர் எல்லாம் திருடர் என்றால் நல்லவர் ஒருவரும் மிஞ்ச மாட்டார். மேலே சொன்ன அசெஃபா 2022 மார்ச்சில் முதல் மாரத்தான் ஓடியபோது 2:34:01, ஆறு மாதத்தில் பெர்லினில் 2:15:37. அவர்மேல் எந்த மருந்துப் புகாரும் இல்லை. அதற்கு முன் 800 மீட்டர் ஓடிக்கொண்டிருந்தவர், தூரம் மாறியதும் திறமை வெளிப்பட்டது என்றால் நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம்புவதற்கும் கேட்காமல் இருப்பதற்கும் நடுவே ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலையைத்தான் நான் முப்பத்து நான்கு வருடம் செய்தேன். ஒரு தடவை செய்யாமல் விட்டேன்.

அதைச் சொல்லாமல் இந்தப் பதிவை முடித்தால் நான் யோக்கியன் இல்லை. ஒரு கூட்டுறவுச் சங்கம், எந்த ஊர் என்பது வேண்டாம். சுற்றுவட்டாரச் சங்கங்களில் எல்லாம் நகைக்கடன் பாக்கி மலைபோல் நிற்க, அங்கே மட்டும் தவணை தவறிய கடன் ஒரு ரூபாய்கூட இல்லை. வருடா வருடம் முழு வசூல். செயலர் பழுத்த பழம்போல இருப்பார், நெற்றி நிறைய விபூதி. போனதும் டிகிரி காபி வரும். நகைப் பைகளை எண்ணினேன், சீல் சரியாக இருந்தது, எடை போட்டேன், பேரேட்டோடு பொருந்தியது. பைகளைப் பிரித்து உரைகல்லில் ஒன்றிரண்டை உரசிப் பார்க்கச் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. அந்தப் பெரிய மனிதரின் முகத்தைப் பார்த்தேன். இவரைப் போய் எப்படிக் கேட்பது? அவமானப்படுத்தியதுபோல் ஆகிவிடாதா? கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அந்தச் சங்கத்துக்கு ஏ வகுப்பு கொடுத்தவனும் நான்தான்.

எனக்குப் பின் வந்த தணிக்கையாளர் பைகளைப் பிரித்தார். நாற்பதுக்கு மேல் கவரிங். பழைய கடனை, கவரிங் நகைமேல் புதுக் கடன் போட்டு ‘வசூல்’ செய்திருக்கிறார்கள். முழு வசூல் வந்த வழி அதுதான். சங்கத்து வாசலில் வைப்புத்தொகைக்காக நின்ற பெண்களில் ஒருவர், எனக்கு அம்மா வயது, என்னை அடையாளம் கண்டுகொண்டு, “நீங்க பார்த்துட்டுப் போனீங்களேய்யா, அதுக்கப்புறந்தானே போட்டேன்” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

ஆகவே, சிகாகோவில் அந்தக் கேள்வியைக் கேட்டவரை நான் திட்டினேனே, அவர் செய்தது நான் செய்யத் தவறிய காரியம். முகம் பார்க்காமல் பையைப் பிரிக்கச் சொன்னார். அந்தக் கேள்வியை அவமானம் என்று அன்று முழங்கிய அமைப்புகளில் எதுவும் இன்று அவரிடம் வருத்தம் தெரிவித்ததாக நான் படிக்கவில்லை. நானாவது தெரிவிக்கிறேன்.

“அந்தக் காலத்தில் இதெல்லாம் கிடையாது சார், உடம்புல வலு, மனசுல வைராக்கியம், அவ்வளவுதான்” என்பது மாஸ்டரின் அடுத்த வாதம். இந்த அந்தக்காலப் பேச்சு நம் வயதுக்காரர்களின் தொற்றுநோய். 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் தாமஸ் ஹிக்ஸ் என்ற அமெரிக்கர் ஜெயித்தார். ஓடும்போதே அவருக்கு முட்டை வெள்ளைக்கருவில் ஸ்ட்ரிக்னின் கலந்து கொடுத்தார்கள், மேலே பிராந்தி வேறு. ஸ்ட்ரிக்னின் எலி மருந்தில் போடும் விஷம். அப்போது அது குற்றமும் இல்லை.

அதைவிட என்னை வருத்துவது 1976. மான்ட்ரியல் ஒலிம்பிக். நம்மில் பலருக்கு ஷிவ்நாத் சிங்கின் பெயர் நினைவிருக்கும். பீகார்க்காரர், ராணுவத்தில் இருந்தவர், வெறுங்காலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஓடுவார் என்று ரேடியோவில் சொல்லக் கேட்டு வாயைப் பிளந்திருக்கிறோம். அந்த ஒலிம்பிக்கில் அவர் 11ஆவதாக வந்தார், 2:16:22. இரண்டு வருடம் கழித்து ஜாலந்தரில் 2:12:00 ஓடினார். அந்த இந்தியச் சாதனை நாற்பது வருடத்துக்கு மேல் நின்றது.

மான்ட்ரியலில் தங்கம் வாங்கியவர் கிழக்கு ஜெர்மனியின் வால்டெமர் சியெர்பின்ஸ்கி. முந்தைய ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்கரான ஃபிராங்க் ஷார்ட்டரை மழையில் பின்னுக்குத் தள்ளி 2:09:55 ஓடினார். கவனித்தீர்களா? செப்ங்கெடிச்சின் நேரத்துக்கும் இதற்கும் ஒரே ஒரு விநாடி. பெர்லின் சுவர் இடிந்த பிறகு, அந்த நாட்டு அரசே நடத்திய ஊக்கமருந்துத் திட்டத்தின் ரகசியக் கோப்புகள் வெளியே வந்தன. சியெர்பின்ஸ்கியின் பெயரும் அவற்றில் இருந்தது. அவர் மறுக்கிறார். பதக்கம் இன்றும் அவரிடம்தான். ஷார்ட்டருக்கு வெள்ளி. மூன்றாவது வந்த பெல்ஜியக்காரருக்குச் சில விநாடி பின்னால் நான்காவதாக வந்த டான் கார்டாங்குக்கு ஒன்றும் இல்லை. நம் ஷிவ்நாத் பத்தாவது ஆகியிருப்பார். அவருக்குப் பத்தோ பதினொன்றோ பெரிய வித்தியாசம் இருந்திருக்காது, எனக்கு இருக்கிறது.

ஷார்ட்டர் பிற்பாடு அமெரிக்காவின் ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்புக்கே முதல் தலைவரானார். அவர் அந்த வேலைக்கு ஏன் போனார் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

யாருக்கு என்ன நஷ்டம், ஓடுகிறவர்கள் ஓடட்டும், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்பவர்களுக்குப் பஸுனேஷ் டெபாவின் கதையைச் சொல்ல வேண்டும். எத்தியோப்பியாவில் பிறந்து நியூயார்க்கில் வாழ்பவர். 2014 பாஸ்டன் மாரத்தானில் இரண்டாவது, 2:19:59. முதலாவது கென்யாவின் ரீடா ஜெப்டூ, 2:18:57. அதே வருடம் செப்டம்பரில் ஜெப்டூவின் உடம்பில் இபிஓ கண்டுபிடிக்கப்பட்டது. ரத்தத்தில் சிவப்பணுக்களைக் கூட்டும் ஹார்மோன் அது, சிறுநீரக நோயாளிகளுக்கு ஊசியாகப் போடுவார்கள், டயாலிசிஸ் வரை போனவர்கள் வீட்டில் தெரியும். பாஸ்டன் பட்டம் பறிக்கப்பட்டு டெபாவுக்கு வந்தது. ஆனால் வர வேண்டிய பரிசுப் பணம், பாதைச் சாதனைக்கான ஊக்கத்தொகையோடு சேர்த்து ஒரு லட்சம் டாலர், வரவில்லை. ஜெப்டூ திருப்பிக் கொடுத்தால் தருகிறோம் என்றார்கள் பந்தயம் நடத்தியவர்கள். ஜெப்டூ கொடுக்கவில்லை. பத்து வருடம் கழித்து, 2024இல், பத்திரிகையில் இதைப் படித்த முன்பின் தெரியாத ரசிகர் ஒருவர் தன் சொந்தப் பணத்திலிருந்து 75,000 டாலர் அனுப்பினார். எல்லைக்கோட்டில் முதலாவதாகக் கை தூக்கி நிற்கும் படம், அந்த நிமிடத்தின் கைதட்டல், ஷூ கம்பெனி ஒப்பந்தம், இவற்றை எந்த ரசிகர் அனுப்ப முடியும்? சைனாடவுனில் நான் சிவக்கச் சிவக்கக் கைதட்டியதில் சுதுமே கெபெடேவுக்கு உரியது எவ்வளவு? அவர் வந்தபோது நான் ஃபிளாஸ்கை மூடிக்கொண்டிருந்தேன்.

சிகாகோவுக்கு இது புதிதும் அல்ல. 2009, 2010, 2011 என்று மூன்று வருடம் அங்கே ஜெயித்த ரஷ்யாவின் லிலியா ஷொபுகோவாவின் ரத்தக் குறிப்பேட்டில் கோளாறு இருந்தது. அந்த வெற்றிகள் பின்னால் ரத்தாயின. நடுவில் நடந்ததுதான் கூத்து. கோளாறை மூடி மறைக்க அவரிடமிருந்து 4,50,000 யூரோ கறந்தார்கள். காரியம் நடக்காமல் போனபோது 3,00,000 யூரோவைத் திருப்பிக் கொடுத்தார்கள், அந்தப் பணம் போன தடத்தை வைத்துத்தான் குட்டு உடைந்தது. அதில் சிக்கியவர் யார் தெரியுமா? உலகத் தடகளக் கூட்டமைப்பின் தலைவராகவே பதினாறு வருடம் இருந்த லாமின் டியாக். 2020இல் பாரிஸ் நீதிமன்றம் அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை. அந்தக் கேவலத்துக்குப் பிறகுதான் தனி ஒழுங்கு அமைப்பு என்று ஒன்றை 2017இல் உருவாக்கினார்கள். செப்ங்கெடிச்சைப் பிடித்தது அதுதான். அந்த மட்டில் நல்ல வேலை செய்கிறார்கள், கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுக்கிறேன்.

ஆனால் விதி? 2016 ரியோ ஒலிம்பிக் மாரத்தானில் தங்கம் வென்ற கென்யாவின் ஜெமிமா சும்கொங் 2017 பிப்ரவரியில் இபிஓவோடு பிடிபட்டார். மருத்துவமனைச் சிகிச்சையில் ஏறியது என்று காட்டிய ஆவணங்கள் போலி என்று தெரிந்து தடை எட்டு வருடமாகியது. தங்கப் பதக்கம்? அவரிடமே. ஏனென்றால் ஒலிம்பிக் ஆறு மாதம் முன்னால் நடந்தது. இப்போது அதே தேதிக் கணக்கு சிகாகோவுக்கும். திருடன் பிடிபட்ட நாளில்தான் திருடத் தொடங்கினான் என்று எந்த ஊர்ப் போலீஸ் எழுதிக்கொள்ளும்? சட்டம் நிரூபணம் கேட்கிறது, கேட்க வேண்டியதுதான். தண்டனைக்குத்தான் நிரூபணம் வேண்டும், கௌரவத்துக்கு அல்ல. உலகச் சாதனை என்பது சொத்துரிமை இல்லை, ஊர் கொடுக்கும் மாலை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, கென்யாக்காரன் என்றாலே மருந்து என்று பேசுவது. இதை நான் வெறுக்கிறேன். கென்யாவில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் தடை செய்யப்பட்டிருக்கிறார்கள் என்பது நிஜம். முன்னாள் உலகச் சாதனையாளர் வில்சன் கிப்சாங், சோதனைக்கு வராததற்குச் சாக்காக லாரி கவிழ்ந்த படத்தை அனுப்பினார். அந்த லாரி கவிழ்ந்தது வேறொரு மாதத்தில். இப்படிச் சிரிப்பதற்கும் நிறைய இருக்கிறது. ஆனால் 2,400 மீட்டர் உயரத்தில் இடென் என்ற சிற்றூரில் விடியுமுன் எழுந்து செம்மண் சாலையில் ஓடும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அந்த ஓட்டம்தான் விவசாய நிலம், வீடு, தம்பிகளின் படிப்பு. சிகாகோவில் முதல் பரிசு மட்டும் ஒரு லட்சம் டாலர். அந்தப் பசிக்குப் பக்கத்தில் ஊசியோடு உட்கார்ந்திருப்பவன் யார்? மருந்துக்கடைக்காரன், டாக்டர் என்று சொல்லிக்கொள்பவன், சதவீதம் வாங்கும் தரகன். ஓடியவரின் பெயர் உலகத்துக்கே தெரிகிறது. இவர்களில் ஒருவன் பெயரை எனக்குச் சொல்லுங்கள் பார்ப்போம். பணமும் புகழும் பங்கு போடும்போது பத்துப் பேர், பழி என்று வரும்போது அந்தப் பெண் ஒருத்தி, சாட்சிக்கு அவள் வீட்டு வேலைக்காரியின் மாத்திரை.

எல்லாரும் போட்டுக்கொள்ளட்டும், சமமாகிவிடும் என்பது மாஸ்டரின் கடைசி அஸ்திரம். எப்படிச் சமமாகும்? பணம் இருப்பவனுக்கு நல்ல டாக்டர், இல்லாதவனுக்கு ரத்தம் கெட்டியாகித் தூக்கத்திலேயே மாரடைப்பு. பதின்மூன்று வயசுப் பெண்ணை நெடுந்தூர ஓட்டக் குழுவில் சேர்க்கும்போது தாத்தா எந்தப் பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று அவரையே கேட்டேன். வேர்க்கடலை வாங்கப் போய்விட்டார்.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. தணிக்கையில் நாங்கள் செய்வதைத்தான் கேட்கிறேன். திருப்தி இல்லாத இனத்தை ரத்து செய்ய முடியாவிட்டால், ஆட்சேபணைக்கு உட்பட்டது என்று எழுதி நிலுவையில் வைப்போம். அதுபோல, ஊக்கமருந்தில் தடை செய்யப்பட்டவரின் சாதனையை, தடைக்கு முன் எத்தனை மாதமானாலும், நிலுவையில் வையுங்கள். பட்டியலில் அதற்கு மேலே அசெஃபாவின் 2:11:53ஐ எழுதுங்கள். மாதிரிகளைப் பத்து வருடம் வைத்திருந்து மறுபடி சோதிக்க விதியிலேயே இடம் இருக்கிறது. 2008, 2012 ஒலிம்பிக் மாதிரிகளில் அப்படிப் பின்னால் சிக்கியவர்கள் ஏராளம். அப்படியானால் பரிசுப் பணத்திலும் ஒரு பகுதியைப் பத்து வருடம் பிடித்து வைப்பதில் என்ன கஷ்டம்? என் ஓய்வூதியப் பணிக்கொடையையே, தணிக்கைத் தடை ஏதேனும் பாக்கி இருக்கிறதா என்று பார்த்து எட்டு மாதம் நிறுத்தி வைத்தார்கள். நான் செத்தா போனேன்?

இவ்வளவும் எழுதி நேற்று இரவு பேத்திக்குப் போனில் படித்துக் காட்டினேன். கவரிங் நகை இடத்தில், “கவரிங்னா என்ன தாத்தா?” என்றாள். சொன்னேன். சனிக்கிழமை அவளுக்கு ஐந்து கிலோமீட்டர் பந்தயம் இருக்கிறதாம், பழைய ஷூவே போதும் என்று சொல்லிவிட்டாளாம், அதனால் அவள் அம்மாவுக்குச் சந்தோஷம். மாஸ்டர் இதைப் படித்துவிட்டு நாளைக் காலை மைதானத்தில் சண்டைக்கு வருவார். வரட்டும். அவர் போடும் பிரஷர் மாத்திரையிலும் ஒரு எச் இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன்.